ஸ்பிட்ஃபயர் மார்க் 3: பின்பக்கம் தூக்கி நிற்கிறது, எந்த வீல் போடலாம்?

கொழிஞ்சாம்பாறைக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். வண்டி 1968 ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் மார்க் 3. வால்பாறைப் பக்கம் ஒரு எஸ்டேட் ஷெட்டில் வருஷக்கணக்காகக் கிடந்ததை வாங்கி, பாடியைச் சேசிஸிலிருந்து தூக்கி, துரு வெட்டி, பெயின்ட் வரைக்கும் வந்தாச்சு. எஞ்சின் ஓடுகிறது, பிரேக் பிடிக்கிறது. இப்போது சொந்தக் காலில் நிற்கிறது. நிற்கிற விதம்தான் பிடிக்கவில்லை.

முன்பக்கம் பரவாயில்லை. பின்பக்கம் அநியாயத்துக்குத் தூக்கி இருக்கிறது. பின்சக்கரம் இரண்டும் மேலே வெளிப்பக்கம் விரிந்து, கீழே உள்ளே ஒடுங்கி நிற்கின்றன. சக்கரத்துக்கும் ஃபெண்டருக்கும் நடுவில் கை முழுசாகப் போகிறது. பின் ஸ்பிரிங் பட்டை தளர்ந்திருந்ததால் பொள்ளாச்சியில் லாரிப் பட்டை அடிக்கிற கடையில் கொடுத்து வளைவு ஏற்றினோம். ரப்பர் புஷ் எல்லாம் புதுசு.

என் திட்டம்: 6ஜே (ஆறு இன்ச்) அகல அலாய் வீல், 185/60 ஆர்13 டயர், பின்னால் ஒரு இன்ச் இறக்க லோயரிங் பிளாக் (ஸ்பிரிங் பட்டைக்கு அடியில் வைக்கும் தகடு). சக்கரம் ஃபெண்டர் ஓரத்துக்குச் சமமாக வந்து நிற்க வேண்டும், அதுதான் ஆசை. ஆனால் இந்த வண்டியின் பி.சி.டி. (வீல் ஓட்டைகள் அமையும் வட்டத்தின் விட்டம்) 4x95.25, அதாவது நாலு ஓட்டை, 95.25 மி.மீ. அந்த அளவில் இங்கே கடையில் எதுவும் இல்லை. ஒரு கடைக்காரர் "பத்மினி கார் வீல் ஏறிடும் சார், கொஞ்சம் ஓட்டையை அரத்தால் தள்ளிக்கலாம்" என்கிறார். கேட்கலாமா?

லேத்துப்பட்டறை

கேட்கக்கூடாது.

பத்மினி 4x98. வித்தியாசம் 2.75 மி.மீ. தானே என்று தோன்றும். நட்டை முறுக்கும்போது கூம்பு முகம் ஓட்டையின் நடுவுக்கு இழுக்கப் பார்க்கும், ஒவ்வொரு ஸ்டட்டும் (நட்டு ஏறும் மரைக்கம்பி) சுமார் 1.4 மி.மீ. வெளிப்பக்கம் வளையும். உங்கள் வண்டியின் ஸ்டட் 3/8 இன்ச் யுஎன்எஃப் (நெருக்கமான மரை). விரல் தடிமன்கூடக் கிடையாது. வளைந்த நிலையிலேயே ஓடினால் ஒரு நாள் நாலும் வரிசையாக முறியும். ஓட்டையை அரத்தால் தள்ளினால் கூம்பு உட்காரும் இடமே போய்விடும், அது அதைவிட மோசம். போதாததற்குப் பத்மினி வீல் 14 இன்ச், உங்களுடையது 13.

கடையில் யார் என்ன சொன்னாலும் வெர்னியர் எடுத்து நீங்களே அளந்து பாருங்கள். நாலு ஓட்டை வீலில் இது சுலபம்: ஒரு ஓட்டையின் வெளி ஓரத்திலிருந்து எதிர் ஓட்டையின் உள் ஓரம் வரை அளந்தால் அதுதான் பி.சி.டி. ஓட்டையின் நடு எங்கே என்று தேட வேண்டியதில்லை.

தாழ்ந்தால்தான்அழகு

மார்க் 3க்கு ஒரு இன்ச் பத்தாது ப்ரோ, ஒன்றரை போடுங்க. இந்த வண்டி நெஞ்சு உயரம்கூட இல்லாதது, அதைத் தூக்கி நிறுத்தினால் பார்க்கச் சகிக்காது. 6ஜே சரியான முடிவு. ஃபெண்டர் ஓரம் இடித்தால் மடக்கி விடுங்க.

பழைய ஹெரால்டு

தம்பி, முதலில் பின்பக்கத்தைப் பார்ப்போம். வீல் ஓடிப்போகாது.

நான் ஹெரால்டு வைத்திருப்பவன். சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் 1961லிருந்து செய்த வண்டி. அடிச்சட்டமும் சஸ்பென்ஷனும் உங்கள் ஸ்பிட்ஃபயருக்கு உறவு: முன்னால் இரட்டை விஷ்போன் (சக்கரத்தைத் தாங்கும் கைகள்), பின்னால் ஸ்விங் ஆக்சில், குறுக்காக ஒரே பட்டைக்கட்டு. இந்தியாவில் 1972ல் கெஸல் வந்தபோது இந்தப் பின்பக்கத்தை எடுத்துவிட்டுச் சாதாரண லைவ் ஆக்சில் (இரண்டு சக்கரமும் ஒரே விறைப்பான அச்சில்) போட்டார்கள் என்றால், நம் ஊர் மெக்கானிக்குகளுக்கு இது எவ்வளவு தலைவலி கொடுத்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்விங் ஆக்சிலில் உயரமும் சக்கரச் சாய்வும் ஒன்றையொன்று விடாது. அரை ஆக்சில் உள்பக்கம் டிஃப்பரன்ஷியல் (நடுவில் இருக்கும் கியர் பெட்டி) ஓரத்தில் மட்டும் மடங்கும், வெளிப்பக்கம் சக்கரத்தோடு விறைப்பாக இருக்கும். அந்த நீளம் சுமார் அரை மீட்டர். ஆக, பின்பக்கம் 25 மி.மீ. உயர்ந்தால் சக்கரம் ஏறக்குறைய 3 டிகிரி சாயும். நீங்கள் பார்ப்பது இரண்டு கோளாறு அல்ல, ஒரே கோளாறு.

இது வெறும் அழகுப் பிரச்சினையும் இல்லை. பின்பக்கம் தூக்கி நிற்கிற வண்டியை வளைவில் வேகமாக விட்டு, பயந்து ஆக்சிலரேட்டரைச் சட்டென்று எடுத்தால் பின்பக்கம் இன்னும் மேலே எழும். வெளிப்பக்கச் சக்கரம் அடியில் மடங்கி, டயரின் ஓரம் மட்டும் தரையில் இருக்கும். அடுத்த நொடி பின்பக்கம் உங்களை முந்திக்கொண்டு போகும். ஆழியாரிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி. வண்டி வந்த ஊருக்கே ஓட்டிப் போகலாம் என்று நினைத்திருந்தால் இதைச் சரிசெய்யாமல் போகாதீர்கள்.

இப்போது கேள்விகள். ஜாக்கியிலிருந்து இறக்கிய பிறகு வண்டியைத் தள்ளி உருட்டினீர்களா? பெட்ரோல் டாங்கில் எவ்வளவு? ஸ்டெப்னி உள்ளே இருக்கிறதா? புஷ் போல்ட்டுகளை முறுக்கும்போது வண்டி எந்த நிலையில் இருந்தது?

கொழிஞ்சாம்பாறைக்காரன்

உருட்டவில்லை அண்ணா, இறக்கின இடத்திலேயே நிற்கிறது. டாங்க் காலி. ஸ்டெப்னி இல்லை, சீட்டும் இன்னும் தையலில். புஷ் எல்லாம் சேசிஸ் ஸ்டாண்டில் இருந்தபோதே மெக்கானிக் முறுக்கி முடித்துவிட்டார்.

பழைய ஹெரால்டு

அப்படியென்றால் நீங்கள் பார்க்கிற உயரம் பொய் உயரம்.

ஜாக்கியில் ஏறும்போது பின்சக்கரம் தொங்கும், அடிப்பக்கம் உள்ளே போகும். இறக்கினதும் அது வெளியே விரிய வேண்டும், ஆனால் டயர் தரையைக் கவ்விக்கொண்டு விடாது. வண்டியை முன்னும் பின்னும் நாலைந்து மீட்டர் உருட்டினால்தான் சக்கரம் தன் இடத்துக்குப் போகும். ஒவ்வொரு முறை ஜாக்கி போட்டு எடுத்த பிறகும் இதைச் செய்யவேண்டும். இது தெரியாமல் பட்டையை வெட்டியவர்கள் உண்டு.

அடுத்தது புஷ். ரப்பர் புஷ் சுழலாது, முறுக்கும். உள்குழாய் போல்ட்டில் இறுகி, வெளிக்குழாய் கைக்குள் இறுகி, நடுவில் ரப்பர் திருகிக்கொடுக்கிறது. சக்கரம் தொங்கும் நிலையில் போல்ட்டை முறுக்கினால் ரப்பர் அதையே தன் ஓய்வு நிலை என்று எடுத்துக்கொள்ளும். வண்டி தரைக்கு வந்தாலும் ரப்பர் மேலே தூக்கிக்கொண்டே இருக்கும், சீக்கிரம் கிழியவும் செய்யும். பட்டையின் இரண்டு கண், பின் ரேடியஸ் ஆர்ம் (பின்சக்கரம் முன்பின் நகராமல் பிடிக்கும் கை) இரண்டும், முன்பக்க விஷ்போன் எல்லாமே இதில் சேர்த்தி. எல்லாவற்றையும் தளர்த்தி, எடையோடு தரையில் நிற்கும்போது முறுக்க வேண்டும்.

எடை என்றால் இரண்டு ஆள், பெட்ரோல், ஸ்டெப்னி. வண்டியே 700 கிலோ சொச்சம்தான். இரண்டு பேர் ஏறினாலே அதில் ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும். டாங்க் வேறு பின்னால், 37 லிட்டர். சீட் இல்லையென்றால் தரையில் பலகை போட்டு இந்தப்பக்கம் ஒரு சிமென்ட் மூட்டை, அந்தப்பக்கம் ஒரு சிமென்ட் மூட்டை, ஒவ்வொன்றின் மேலும் ஒரு 20 லிட்டர் தண்ணீர்க் கேன். பக்கத்துக்கு 70 கிலோ ஆச்சு.

நூல்மட்டம்

அளக்கிற முறையைச் சொல்லிவிடுகிறேன், அலைன்மென்ட் கடைக்கு இப்போதே ஓடாதீர்கள். அந்தக் கம்ப்யூட்டரில் இந்த வண்டிக்கு அளவே இருக்காது. பின்பக்கச் சாய்வைச் சிவப்பில் காட்டி உங்களைப் பயமுறுத்தும், அவ்வளவுதான்.

தரை மட்டமாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கொத்தனார் வைத்திருக்கும் ட்யூப் லெவல் போதும். நாலு சக்கரம் நிற்கும் இடத்திலும் குறி வைத்து, தாழ்ந்த இடத்தில் தகடு வையுங்கள். இதைச் செய்யாமல் இடது வலது உயர வித்தியாசம் பேசுவது வீண்.

சாய்வுக்குத் தூக்குக்குண்டு. நூலை ரிம்மின் மேல் விளிம்போடு ஒட்டித் தொங்கவிட்டு, கீழ் விளிம்பில் எவ்வளவு இடைவெளி என்று ஸ்கேலால் பாருங்கள். மேலுக்கும் கீழுக்கும் 350 மி.மீ. என்றால் 6 மி.மீ. வித்தியாசம் ஒரு டிகிரி. நெளிந்த ரிம் என்றால் சக்கரத்தை அரைச் சுற்று திருப்பி மறுபடியும் அளந்து சராசரி எடுங்கள்.

உயரத்தைத் தரையிலிருந்து ஃபெண்டருக்கு அளக்க வேண்டாம், சக்கரத்தின் நடுவிலிருந்து ஃபெண்டர் ஓரத்துக்கு அளங்கள். டயர் மாறினாலும் அந்த எண் மாறாது.

தாழ்ந்தால்தான்அழகு

எல்லாம் சரிண்ணா. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் டீ குடிக்கப் போகிற வண்டிக்கு இவ்வளவு கணக்கா? இந்த வண்டியை அவர் ஓட்டும் நேரத்தைவிடப் பார்க்கும் நேரம்தான் அதிகம். பார்க்க நல்லா இருக்கணும். அகலமான வீல், தாழ்ந்த பாடி, அவ்வளவுதான் ஸ்டான்ஸ்.

பழைய ஹெரால்டு

தாழ்த்தக்கூடாது என்று நான் சொல்லவில்லையே. ஸ்விங் ஆக்சில் வண்டியில் பின்பக்கம் சற்றுத் தாழ்ந்து, சக்கரம் மேல்பக்கம் ஒன்று, ஒன்றரை டிகிரி உள்ளே சாய்ந்து நிற்பது பார்க்கவும் அழகு, ஓட்டவும் பத்திரம். மடங்குவதற்கு முன்னால் அந்த அளவு கையிருப்பு கிடைக்கிறது. நீங்களும் நானும் ஒரே பக்கம்தான் போகிறோம். நான் கேட்பது, இப்போது இருக்கும் பொய் உயரத்திலிருந்து ஒன்றரை இன்ச் பிளாக் போட்டு, நாளைக்கு ரப்பர் தளர்ந்து பட்டையும் படிந்தால் எங்கே போய் நிற்கும்? நாலரை டிகிரி பிளாக்கில் மட்டுமே வந்துவிடும். டயரின் உள் ஓரம் வழித்துக்கொண்டு போகும். பம்ப் ஸ்டாப்பில் (சஸ்பென்ஷன் முட்டி நிற்கும் ரப்பர்) உட்கார்ந்து ஒவ்வொரு ஹம்புக்கும் (வேகத்தடை) முதுகில் அடிக்கும்.

வாளையார்க்காற்று

ஹம்ப் என்றதும் ஞாபகம் வந்தது. கொழிஞ்சாம்பாறையிலிருந்து கோவிந்தாபுரம் வழியாகவோ கோபாலபுரம் வழியாகவோ பொள்ளாச்சி போங்கள், எத்தனை ஹம்ப், எத்தனை உயரம் என்று எண்ணிக்கொண்டே வாருங்கள். ஸ்பிட்ஃபயரின் சைலன்ஸர் குழாய்தான் முதலில் தட்டும்.

அப்புறம் 185/60 டயர் பற்றி யாரும் பேசவில்லை. கணக்குப் போடுங்கள். 155/80 ஆர்13 டயரின் (அகலம் 155 மி.மீ., பக்கச்சுவர் அதில் 80 சதவீதம், ரிம் 13 இன்ச்) மொத்த விட்டம் 578 மி.மீ. 185/60 ஆர்13 என்றால் 552. 26 மி.மீ. குறைவு. வண்டி 13 மி.மீ. இறங்கும், சரி. ஆனால் டயரின் உச்சி 26 மி.மீ. இறங்கும்! அதாவது சக்கரத்துக்கும் ஃபெண்டருக்கும் நடுவில் இருக்கும் சந்து 13 மி.மீ. கூடும். நீங்கள் எந்தச் சந்தைப் பார்த்து வருத்தப்பட்டீர்களோ அதையே காசு கொடுத்துப் பெரிதாக்கிக்கொள்கிறீர்கள். ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது வண்டி 95தான் போகும்.

ஃபெண்டர் வளைவை நிரப்ப வேண்டும் என்றால் விட்டம் குறையக்கூடாது. 155/80 இல்லையென்றால் 175/70 ஆர்13: விட்டம் 575, கிட்டத்தட்ட அதேதான். 155/80 இப்போதைய வேகன்ஆர் அளவு, நாட்டுக்கல் கடையில்கூடக் கிடைக்கும்.

லேத்துப்பட்டறை

நல்ல பாயின்ட். 6ஜே பற்றி நானும் கணக்கு வைக்கிறேன்.

பழைய கம்பெனி வீல் மூன்றரை, நாலரை இன்ச் அகலம்தான். 4.5ஜே என்று வைத்துக்கொள்வோம், பாதி 57 மி.மீ. 6ஜே பாதி 76. ஆஃப்செட் (ரிம்மின் நடுக்கோட்டுக்கும் ஹப்பில் உட்காரும் முகத்துக்கும் உள்ள தூரம்) அதே இருந்தாலே உள்ளே 19, வெளியே 19 கூடுகிறது. கடைக்காரர் ஆஃப்செட் 15 குறைவான வீலைக் கொடுத்தால் வெளியே 34 மி.மீ. போய்விடும், உள்ளே 4தான். பின்பக்கம் ஃபெண்டரைத் தாண்டும். முன்பக்கம்?

முன்பக்கம்தான் பலரும் மறக்கிற இடம். ஹெரால்டும் ஸ்பிட்ஃபயரும் 24, 25 அடி வட்டத்தில் திரும்பும் வண்டிகள். ஆட்டோ திரும்புகிற இடத்தில் திரும்பும். அவ்வளவு திரும்ப வேண்டுமென்றால் முன்சக்கரம் எவ்வளவு கோணம் போகும் என்று யோசியுங்கள். நேராக நிற்கும்போது எல்லாம் சரியாக இருக்கும். ஃபுல் லாக்கில் (ஸ்டியரிங்கை முழுசாகத் திருப்பினால்) டயரின் பின் ஓரம் உள்ளே சேசிஸ் பக்கமும், முன் ஓரம் பானெட் ஓரத்திலும் உரசும். இந்த வண்டியில் ஃபெண்டரும் பானெட்டும் ஒரே துண்டாக முன்னால் கவிழ்கிற ஜாதி, உரசினால் கிழிவது அவ்வளவு பெரிய தகடு.

இன்னொன்று, அழகைவிட முக்கியம். சக்கரம் வெளியே போகப்போக ஸ்டியரிங் அச்சிலிருந்து டயரின் நடு விலகும். அந்த நெம்புபலம் முழுக்க முன் ஸ்டப் ஆக்சிலுக்கும் (சக்கரம் சுழலும் குட்டை அச்சு) கீழே இருக்கும் பித்தளை ட்ரன்னியனுக்கும் போகும். இது நவீன பால் ஜாயின்ட் இல்லை, மரையில் சுழல்கிற விஷயம். இதற்கு கிரீஸ் அடிக்கிறார்கள் நம் ஆட்கள். கிரீஸ் கூடாது, ஈபி 90 கியர் ஆயில்தான் விட வேண்டும். கிரீஸ் கெட்டியாகி உள்ளே எண்ணெய் போகாமல் துருப்பிடித்து, ஒரு நாள் முறிந்து சக்கரம் அடியில் மடங்கும். அகல வீல் அந்த நாளை முன்னால் கொண்டுவரும்.

ஸ்பேஸர் (வீலுக்கும் ஹப்புக்கும் நடுவே வைக்கும் தகடு) போடும் எண்ணம் இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்: நட்டு ஸ்டட்டில் குறைந்தது ஸ்டட்டின் விட்டம் அளவு ஏற வேண்டும். 3/8 யுஎன்எஃப்பில் இன்ச்சுக்கு 24 மரை, அதனால் கையால் சுற்றும்போது ஒன்பது முழுச் சுற்று ஏற வேண்டும். எண்ணிப் பாருங்கள். அலாயின் முகம் இரும்பைவிடத் தடிமன், ஸ்பேஸர் இல்லாமலே பழைய ஸ்டட் பத்தாமல் போகலாம்.

தாழ்ந்தால்தான்அழகு

சரி, 6ஜே வேண்டாம். வயர் வீல் போட்டால்? பிரிட்டிஷ் வண்டிக்கு அதைவிட அழகு எது?

பழைய ஹெரால்டு

அழகுதான். அந்தக் காலத்திலேயே ஆப்ஷனாக வந்ததும்தான். ஆனால் பழசு வாங்கினால் மூன்று விஷயம் பாருங்கள். ஸ்போக்கை ஸ்பேனரால் தட்டினால் எல்லாம் ஏறக்குறைய ஒரே சுருதியில் ஒலிக்க வேண்டும், மந்தமாக ஒலிப்பது தளர்ந்தது. ஹப்பின் ஸ்ப்ளைன் பல் கூர்மையாக ரம்பம் மாதிரி தேய்ந்திருந்தால் வீலோடு ஹப்பும் போச்சு. மூன்றாவது இடம் வலம். நடு நட்டை, சக்கரம் முன்னோக்கி உருளும் திசையில் அடித்தால் கழல வேண்டும். இடது ஹப் வலதில் மாட்டியிருந்தால் ஓடஓட நட்டு தானே கழன்றுகொள்ளும். யாரோ கழற்றி யாரோ பூட்டிய வண்டியில் இதை முதலில் பாருங்கள்.

ட்யூப் இல்லாமல் ஓட்டவும் முடியாது, ஸ்போக் நிப்பிள் வழியாகக் காற்று போகும். பழைய இரும்பு ரிம்முக்கும் ட்யூப் போடுவதுதான் நல்லது, டயரைப் பிடித்து நிறுத்தும் மேடு அதில் இருக்காது.

மழைக்காலத்தில் வயர் வீல் துடைப்பது ஒரு தனி உத்தியோகம். பாலக்காட்டு மழையில் நான் அந்த வேலைக்கு வரமாட்டேன்.

வாளையார்க்காற்று

ஃபெண்டரை மடக்குங்கள் என்று மேலே ஒருவர் எழுதினார். வேண்டாம். பின் ஃபெண்டரின் ஓரத்தில் வெளித்தகடும் உள் வளைவும் சேர்த்து ஸ்பாட் வெல்டு செய்யப்பட்டிருக்கும். மடக்கினால் அந்த இணைப்பு வாய் திறக்கும், தண்ணீர் உள்ளே போகும். இப்போதுதான் துரு வெட்டி முடித்திருக்கிறார் மனுஷன்.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த விவரத்திலிருந்து மாறக்கூடாது என்கிறது. கேரளாவிலிருந்து போன வழக்கில்தான் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதியாகச் சொன்னது. கேரளாவில் மோட்டார் வாகனத் துறைக்காரர்கள் வெளியே துருத்தும் வீலைக் கண்டால் விடுவதில்லை. பொள்ளாச்சியில் டிஎன் 41 நம்பரில் ஓடும்போது கேட்காத கேள்வியை, சித்தூர் கேஎல் 70 எல்லைக்குள் வந்ததும் கேட்பார்கள்.

உங்கள் வண்டிக்கு வேறு ஒரு வழி இருக்கிறது. 2021 ஜூலையில் வந்த விண்டேஜ் விதிப்படி 50 வருஷம் தாண்டிய வண்டியைத் தனியாகப் பதியலாம், நம்பரில் விஏ என்று வரும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருஷத்துக்குச் செல்லும், மறுபதிவு 5,000. நிபந்தனை: சேசிஸ், பாடி ஷெல், எஞ்சின் இவற்றில் மாற்றம் இருக்கக்கூடாது. தினசரி ஓட்டவும் கூடாது. வீலைப் பிறகு கழற்றி மாற்றிக்கொள்ளலாம். வெட்டிய ஃபெண்டரை என்ன செய்வீர்கள்?

எஸ்டேட் பேப்பர் தமிழ்நாடு நம்பரில் இருக்கும் என்று நினைக்கிறேன். 12 மாதத்துக்கு மேல் கேரளாவில் வைத்திருந்தால் எப்படியும் மாற்றித்தான் ஆக வேண்டும். என்ஓசி (தடையில்லாச் சான்று) வேலையை இப்போதே தொடங்குங்கள்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. சொன்னபடியே செய்தேன். அளவு இதோ.

இறக்கின இடத்திலேயே பின்சக்கரத்தில் தூக்குக்குண்டு காட்டியது 24 மி.மீ., அதாவது 4 டிகிரி வெளியே. சிமென்ட் மூட்டை, தண்ணீர்க் கேன், டாங்கில் பெட்ரோல், டிக்கியில் ஸ்டெப்னி எடைக்கு ஒரு கல். தோட்டத்துக்குள் முன்னும் பின்னும் தள்ளினோம். 13 மி.மீ.க்கு வந்துவிட்டது. புஷ் போல்ட் எல்லாம் தளர்த்தியதும் "டக்" என்று ஒரு சத்தம், பின்பக்கம் கண்ணெதிரே இறங்கியது. மறுபடியும் உருட்டி அளந்தால் 5 மி.மீ. ஒரு ரூபாய் சாமான் வாங்காமல் 3 டிகிரி போயாச்சு.

ஆனால் இன்னும் மேலே விரிந்துதான் நிற்கிறது. உள்ளே சாயவில்லை. பிளாக் போடலாமா?

பழைய ஹெரால்டு

பட்டையைக் கழற்றிப் பாருங்கள். லாரிப் பட்டைக் கடைக்காரருக்கு வளைவு என்றால் சுமை தாங்கும் வளைவுதான். தேங்காய் லோடு ஏற்றுகிற கணக்கில் அடித்திருப்பார். தகடுகளின் நுனியில் ரப்பர் பட்டன் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லாமல் கட்டினால் இரும்பு மேல் இரும்பு உரசி, பட்டை விறைத்து நிற்கும்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்

பட்டன் ஒன்றுகூட இல்லை. பழைய பட்டையில் சிலது இருந்தது, அடிக்கும்போது எடுத்துப் போட்டிருக்கிறார்கள். புதுசு வரவழைக்கிறேன். அதே கடையில் வளைவைக் குறைக்கச் சொன்னால் "வண்டி உட்கார்ந்துடும் சார்" என்று வாதம்.

நூல்மட்டம்

வாதாட வேண்டாம். மெயின் தகட்டின் இரண்டு கண்ணுக்கும் நடுவே நூல் கட்டி, தகட்டின் நடுவுக்கு எத்தனை மி.மீ. என்று அளந்து, இவ்வளவு குறைக்கணும் என்று சாக்பீஸில் எழுதிக் கொடுங்கள். ஒரேயடியாக அடிக்க விடாமல் கொஞ்சம் கொஞ்சமாக. பொருத்தி, மூட்டை வைத்து, உருட்டி அளந்து, தேவைப்பட்டால் மறுபடியும்.

தாழ்ந்தால்தான்அழகு

பிளாக் போட்டால் அரை நாளில் முடியும் வேலை இது.

லேத்துப்பட்டறை

அதுவும் பொய்யில்லை. டிஃப்பரன்ஷியலுக்கும் பட்டைக்கும் நடுவில் 12 மி.மீ. தகடு, அதற்கேற்ற நீளமான ஸ்டட், இரண்டையும் நானே கடைந்து கொடுப்பேன். ஒன்றரை டிகிரி கிடைக்கும். ஆனால் பட்டன் இல்லாத, வளைவு தப்பான பட்டைக்கு மேல் பிளாக் வைக்க வேண்டாம். பட்டை சரியான பிறகும் குறை இருந்தால் அப்போது வாருங்கள்.

மார்க் 4ல் 1970க்குப் பிறகு வந்த ஸ்விங் ஸ்பிரிங் (நடுவில் சாய்ந்தாடும் பட்டைக்கட்டு) கிடைத்தால் மடங்குகிற பயம் பெரும்பாலும் போய்விடும். அதைப் போட்டால் முன்னால் ஆன்டிரோல் பாரையும் (வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பி) தடிமனாக மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் வளைவில் வண்டி படகு. அது தனி இழைக்கான விஷயம்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்

பட்டை திரும்ப வந்து பொருத்தியாச்சு. புது பட்டன், வளைவு குறைத்தது. எடையோடு, உருட்டிய பிறகு: இடது 8 மி.மீ. உள்ளே, வலது 9. ஒன்றரை டிகிரிக்குள் இருக்கிறது. முன்னும் பின்னும் ஃபெண்டர் சந்து இப்போது ஏறக்குறைய சமம். பிளாக் தேவைப்படவில்லை.

வேடிக்கை என்னவென்றால், பின்சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே வந்ததும் அந்த ஒல்லி இரும்பு வீலே அவ்வளவு மோசமாகத் தெரியவில்லை. ஆனாலும் இரண்டு ரிம் நெளிவு, மாற்றித்தான் ஆக வேண்டும். இப்போது யோசிப்பது 5.5ஜே, மினிலைட் மாதிரி எட்டு ஆர அலாய், 4x95.25லேயே இங்கிலாந்தில் புதுசாக வருகிறது. டயர் 175/70. ஆஃப்செட் எவ்வளவு கேட்க?

லேத்துப்பட்டறை

5.5ஜே பாதி 70 மி.மீ. 4.5ஜேயைவிடப் பக்கத்துக்கு 13 மி.மீ. கூடுதல். உங்கள் இரும்பு வீலின் ஆஃப்செட்டை நீங்களே அளங்கள்: வீலைக் குப்புறப் போட்டு, ரிம்மின் குறுக்கே நேர்ச்சட்டம் வைத்து, ஹப் உட்காரும் முகம் வரை ஆழம் பாருங்கள். ரிம்மின் மொத்த அகலத்தில் பாதியைக் கழித்தால் வந்துவிடும். ஜே எண் அல்ல, வெளி ஓரம் முதல் வெளி ஓரம் வரை.

ஆர்டர் கொடுப்பதற்கு முன்னால் களிமண் வேலை. பின்பக்கம் ஷாக் அப்சார்பர், ரேடியஸ் ஆர்ம் பக்கம், முன்பக்கம் ஆன்டிரோல் பார், சேசிஸ் பக்கம், ஃபெண்டர் ஓரம் எல்லாவற்றிலும் 25 மி.மீ. தடிமனுக்குக் களிமண் அப்புங்கள். பழைய வீலோடு ஃபுல் லாக் இரண்டு பக்கமும் திருப்பி, பின்னால் நாலு ஆள் உட்கார்ந்து குலுக்கி, எந்தக் களிமண் எவ்வளவு நசுங்கியது என்று பாருங்கள். மிச்சம் இருக்கும் தடிமனோடு 13ஐயும் டயர் பிதுக்கத்தையும் ஒப்பிடுங்கள். எனக்கு 8 மி.மீ.க்குக் குறைந்தால் மனசு ஒப்பாது.

பழைய மெக்னீசியம் மினிலைட் யாராவது சீப்பாகக் கொடுத்தால் வாங்காதீர்கள், வயசானதில் விரிசல் இருக்கும். வாங்கியே ஆகணும் என்றால் கோவையில் டை பெனட்ரன்ட் சோதனை (சாயம் விட்டு விரிசல் காணும் முறை) செய்யும் ஃபவுண்டரிகள் நிறைய, ஒரு மணி நேர வேலை.

வாளையார்க்காற்று

டயர் வாங்கும்போது பக்கச்சுவரில் நாலு இலக்கத் தேதி பாருங்கள். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். அதிகம் விற்காத அளவு என்பதால் கடையில் வருஷக்கணக்காகக் கிடந்ததை எடுத்துத் தருவார்கள்.

கடைசியாகப் பின் டோ, அதாவது மேலிருந்து பார்த்தால் பின்சக்கரங்கள் உள்ளேயா வெளியேயா திரும்பி நிற்கின்றன என்பது. ரேடியஸ் ஆர்மின் முன் பிராக்கெட்டில் ஷிம் (மெல்லிய தகடு) போட்டுத்தான் மாற்ற வேண்டும். பட்டை உயரம் மாறினதால் அது நிச்சயம் நகர்ந்திருக்கும். ஆடி மாதம் வாளையார் கணவாய்க் காற்றில் இந்த வண்டியை ஓட்டும்போது பின் டோ வெளியே இருந்தால் ஸ்டியரிங்கோடு சண்டை போட்டுக்கொண்டேதான் கோவை போவீர்கள்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்

களிமண் பரீட்சை முடிந்தது. பின்னால் பிரச்சினை இல்லை. முன்னால் வலது ஃபுல் லாக்கில் ஆன்டிரோல் பார் பக்கம் மட்டும் கணக்குப்படி 5 மி.மீ. மிஞ்சுகிறது.

லேத்துப்பட்டறை

இடதில் எவ்வளவு?

கொழிஞ்சாம்பாறைக்காரன்

11.

லேத்துப்பட்டறை

அப்படியென்றால் ஸ்டியரிங் ரேக் (சக்கரங்களைத் திருப்பும் பல்சட்டம்) நடுவில் இல்லை. டை ராடு (ரேக்கிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பி) இரண்டிலும் வெளியே தெரியும் மரையை எண்ணிப் பாருங்கள், ஒன்றில் கூட இருக்கும். சமப்படுத்தினால் இரண்டு பக்கமும் 8 வரும், அதோடு ஆர்டர் கொடுங்கள்.